காங்கோ பட்டாளத்தைத் திரும்ப அழைப்பது குறித்து

எங்கள் சங்கத்தில் எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நடக்கும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். பத்து வருஷம் அதற்குச் செகரட்டரியாக இருந்து முதுகு ஒடிந்தவனைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வான்.

தாராவியில் தோல் கிடங்குகளுக்குப் பின்பக்கச் சந்தில், திருநெல்வேலி ஜில்லாவிலிருந்து வந்த நாற்பத்திரண்டு தலைக்கட்டு இருந்தோம். தனி அடுப்பு எரிகிற வீடு ஒவ்வொன்றும் ஒரு தலைக்கட்டு. ஒரு வருஷம் அம்மன் கொடைத் திருவிழாவுக்கு எந்த மேளத்தைக் கூப்பிடுவது என்று இரண்டு கட்சியாகிக் கத்தி எடுக்கிற அளவுக்குப் போய்விட்டது. அதன் பிறகுதான் வெற்றிலைத் தட்டு வந்தது. எந்தத் தீர்மானமானாலும் நாற்பத்திரண்டு வெற்றிலையோடு தட்டு சுற்றி வரும். சம்மதமென்றால் வீட்டுக்கு ஒருவர் ஒரு வெற்றிலை எடுக்க வேண்டும். தட்டில் ஒன்றே ஒன்று மிஞ்சினாலும் தீர்மானம் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போகும். ஆண்பிள்ளை ஊரில் இல்லாத வீட்டுக்கு அந்த வீட்டுப் பெண் வந்து எடுக்கலாம்.

நான் ஒரு தோல் கம்பெனியில் கிளார்க். இங்கிலீஷில் அர்ஜி எழுதத் தெரியும் என்ற ஒரே குற்றத்துக்காகச் செகரட்டரி ஆனேன். தண்ணீர்க் குழாய்க்கு, கக்கூசுக்கு, தெருவிளக்குக்கு, மழைக்காலத்தில் வீட்டுக்குள் வருகிற சாக்கடைக்கு என்று முப்பது அர்ஜி எழுதியிருப்பேன். ஒரே ஒரு தடவை பதில் வந்தது. 'கிடைத்தது' என்று அச்சடித்த கார்டு. எங்கள் தலைவர் கணேசபாண்டியன், கிடங்கு மேஸ்திரி, அதற்குக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினார்.

அறுபத்திரண்டாம் வருஷம் அக்டோபரில் சீனாக்காரன் மலை இறங்கி வந்துவிட்டான். எங்கள் சந்தில் ரேடியோ இருந்தது அப்துல் வாஹித் பாயின் கடையில் மட்டும்தான். உப்பு வியாபாரி, மேலப்பாளையத்துக்காரர். தோலுக்குப் போடுகிற உப்பெல்லாம் அவர் கடையிலிருந்துதான் வரும். அந்தக் கடை வாசலில்தான் எங்கள் கூட்டமும் நடக்கும். தினமும் சாயங்காலம் வேலைவிட்டு வருகிறவர்கள் குளிக்காமல்கூட அங்கே வந்து நின்றார்கள். எந்த ஊர் விழுந்தது என்று கேட்டுவிட்டு, அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்பார்கள். எனக்கு மட்டும் என்ன தெரியும்?

அந்த மாதக் கடைசி ஞாயிறு காலையில் கணேசபாண்டியன் தீர்மானம் கொண்டுவந்தார்.

"நம்ம பட்டாளம் ஒண்ணு கடல் தாண்டிக் காங்கோவுல கெடக்கு. எவன் வீட்டுச் சண்டையையோ வெலக்கிக்கிட்டு இருக்கு. இங்கன நம்ம வீட்டுக்குள்ள திருடன் பூந்துட்டான். அவங்கள ஜல்தியா வரச் சொல்லி சர்க்காருக்கு ஒரு அர்ஜி போடணும். என்ன சொல்லுதிய?"

கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. எங்களுக்கும் காங்கோவுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. எங்கள் வெயிலுமுத்து அங்கேதான் இருந்தான். பட்டாள லாரி டிரைவர். போன வருஷம் ஐநாவின் நீலத் தொப்பி வைத்துக்கொண்டு இங்கே பம்பாய்த் துறைமுகத்தில்தான் கப்பல் ஏறினான். சந்தே திரண்டு போய் வழியனுப்பியது. கணேசபாண்டியன் போட்ட மாலையைக் கழற்ற வெட்கப்பட்டுக்கொண்டு அப்படியே கப்பலுக்குள் போனான்.

"ஒடனேன்னா எப்படி மேஸ்திரி?" என்றார் வாஹித் பாய். "ஐநாவுக்கு வாக்குக் குடுத்துட்டுல்லா போயிருக்கோம். மாத்து ஆளு வாரதுக்குள்ள பாதியில விட்டுட்டு வந்தா, அங்க உள்ளவன் வெட்டிக்கிட்டுச் சாவான்."

"அவன் வெட்டிக்கிட்டா நமக்கென்ன பாய்? நம்ம கழுத்துல கத்தி இருக்கு!"

இப்படி ஒரு மணி நேரம் போயிற்று. உடனே கூப்பிடுவதா, மாற்று ஆள் வந்ததும் கூப்பிடுவதா, பாதிப் பேரை மட்டும் கூப்பிடுவதா என்று ஆளுக்கு ஒரு யோசனை. டில்லியே எங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போலத்தான் பேச்சு. கடைசியில் வாஹித் பாயும் சரி என்றார். தட்டு கிளம்பியது. நாற்பத்தொரு வெற்றிலை போயிற்று. சுவரோரம் உட்கார்ந்திருந்த பேராச்சியிடம் வந்து தட்டு நின்றுவிட்டது.

பேராச்சி வெயிலுமுத்துவின் பெண்டாட்டி. கிடங்கில் தோலுக்கு உப்புத் தேய்க்கிற வேலை. இருபத்தாறு வயசு இருக்கும். விரலெல்லாம் உப்பு தின்று வெடித்திருக்கும். புருஷன் போன நாளிலிருந்து அவன் இடத்தில் வந்து உட்கார்ந்து, குழாய்க்கும் கக்கூசுக்கும் வாய் திறக்காமல் வெற்றிலை எடுத்துவிட்டுப் போகிறவள். அன்றைக்குக் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

"எடு தாயி," என்றார் கணேசபாண்டியன். "ஒம் புருசனக் கூப்பிடத்தான இவ்வளவு பாடு."

"எங்க கூப்பிடுதிய?"

"எங்கயா? இந்தியாவுக்குத்தான்."

"இந்தியாவுல எங்க மேஸ்திரி? இந்தச் சந்துக்கா? கப்பல்லருந்து எறக்கி, அப்படியே ரயில்ல ஏத்தி, பனிக்குள்ள கொண்டு விடத்தான கூப்பிடுதிய?"

அவள் குரலை உயர்த்தவில்லை.

"காசுமீர்ல ரெண்டு கால்வெரலப் பனிக்குக் குடுத்துட்டு வந்தாவ. மிச்சம் எட்டு இருக்கு. காங்கோவுல மழைதான் பெய்யுதாம், மாமரம் நிக்காம், சோறு போடுதானாம். அங்கயே இருக்கட்டும். இங்க சண்டை முடிஞ்ச பெறவு கூப்பிடுங்க. நான் மொத ஆளா எடுக்கேன்."

தீர்மானம் தள்ளிப்போனது.

யோசித்துப் பாருங்கள். காங்கோ பட்டாளத்தைக் கூப்பிடுவது பற்றிய தீர்மானத்தில், காங்கோவில் இருக்கிறவனின் வெற்றிலையையும் தட்டில் வைத்தோம். இந்தப் புத்திசாலித்தனம் எங்களைத் தவிர யாருக்கும் வராது. ஆனால் ஏற்பாட்டை மாற்றினால் பழைய மேளச் சண்டை மறுபடி வருமே என்று எல்லாருக்கும் உள்ளூரப் பயம்.

அடுத்த ஞாயிறும் அதே பேச்சு. அதற்கடுத்த ஞாயிறும் அதே பேச்சு. வாரத்தில் ஆறு நாள் நாற்றத்தில் நின்றுவிட்டு, துணி துவைக்கவும் தூங்கவும் கிடைக்கிற ஒரே காலை நேரத்தில் காங்கோவைக் கட்டி அழுதோம். பாதிப் பேர் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். தட்டு பக்கத்தில் வந்தால் கண் திறக்காமல் கையை நீட்டி எடுத்தார்கள். நானும் அலுத்துப்போனேன். உண்மையைச் சொன்னால், சீனாக்காரனைவிட அந்தத் தட்டின் மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது.

பேராச்சிக்கு நாட்டுப்பற்று இல்லை என்று ஒருவன் சொன்னான். யுத்த நிதிக்குத் தங்கம் கொடுங்கள் என்று மாதுங்காவில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார்களே, அங்கே நடந்தே போய் இரண்டு காதுக் கம்மலையும் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தவள் அவள். சொன்னவன் வீட்டிலிருந்து குண்டுமணித் தங்கம்கூடப் போகவில்லை. மூன்றாவது ஞாயிறு கணேசபாண்டியன் பொறுமை இழந்து, "பொட்டச்சி ஒருத்திக்காக நாடு காத்துக்கிட்டுக் கெடக்கணுமா?" என்று கத்தினார். "அப்ப அவ வெத்தலயத் தட்டுலருந்து எடுத்துருங்க மேஸ்திரி. நாளைக்கு ஒங்க வெத்தலய வேற ஒருத்தன் எடுப்பான்," என்றார் வாஹித் பாய். மேஸ்திரி உட்கார்ந்துவிட்டார்.

அந்த வாரத்தில் ஒரு நாள் காலை. குழாயடியில் பேராச்சி என்னைப் பிடித்துக்கொண்டாள். முகம் வாடிப்போயிருந்தது. சந்தில் பெண்கள் அவளோடு பேசுவதைக் குறைத்திருந்தார்கள். போன மாதம்வரை அவள் குடத்தை முன்னால் விட்டவர்கள் இப்போது விடுவதில்லை.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். நீங்க எழுதுத அர்ஜிய டில்லியில படிப்பாவளா?"

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். யாரும் படிக்க மாட்டான், நாங்கள் பேசுவதெல்லாம் வெறும் வாய், நீ பாட்டுக்கு வெற்றிலையை எடுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கு என்று. ஆனால் குழாயடியில் பத்துப் பேர் நின்றார்கள். செகரட்டரி என்ற நினைப்பு வேறு.

"படிக்காம? அதுக்குன்னே ஆள் வச்சிருக்கான்," என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். "அதான் பயமா இருக்கு. நான் எடுத்து, அதுனால அவியள அங்க கொண்டு போயிட்டான்னா? எங் கையால நடந்ததா ஆயிரும்லா?"

நாலாவது ஞாயிறும் அவள் எடுக்கவில்லை. அன்றைக்கு ரேடியோவில் செய்தி மோசமாக இருந்தது. அவரவர் எழுந்து துண்டை உதறிக்கொண்டு போனார்கள்.

மூன்று நாள் கழித்துச் சீனாக்காரன் தானாகவே சண்டையை நிறுத்திவிட்டான். ஏன் வந்தான், ஏன் நிறுத்தினான் என்று சந்தில் ஒருவருக்கும் விளங்கவில்லை. பேராச்சிக்கு மட்டும் விளங்கவேண்டிய அவசியம் இல்லை. அடுத்த ஞாயிறு எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள். தலைக்குக் குளித்திருந்தாள்.

"இப்பக் கூப்பிடுங்க மேஸ்திரி. சண்டை நின்னுருக்கு. மறுபடி தொடங்குததுக்குள்ள கூப்பிட்டுருங்க. வந்து லீவுல நாலு நாள் வீட்டுல இருக்கட்டும்."

கணேசபாண்டியனுக்கு நாலு வாரத்துக் கடுப்பு இருந்தது. "இனி என்ன அவசரம்? ஐநா வேலையும் பாதியில நிக்குல்லா," என்று இழுத்தார். ஒரு மாதத்துக்கு முன்னால் வாஹித் பாய் சொல்லி இவர் மறுத்த அதே பேச்சு. பாய் அவரை ஒரு பார்வை பார்த்தார். மேஸ்திரி வெற்றிலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். நாற்பத்திரண்டும் போய்த் தட்டு காலியாகத் திரும்பி வந்தது. 'ஏகமனதாக' என்று எழுதினேன்.

"இன்னைக்கே போட்டுருங்க அண்ணாச்சி."

"ஞாயித்துக்கெழமை ஏது தபால்? நாளைக்குப் போடுதேன்."

"மக்யா நாளே, நாளைக்கே போட்டுருவியள்லா?"

"போட்டுருவேன்னு சொல்லுதேன்லா," என்று எரிந்து விழுந்தேன்.

திங்கட்கிழமை கம்பெனியில் சரக்குக் கணக்கெடுப்பு. செவ்வாய்க்கிழமை வேலை முடிந்த பிறகு, மானேஜர் கண்ணில் படாமல் கம்பெனி டைப்ரைட்டரில் அடித்தேன். நன்றாகவே அடித்தேன், பிழை இல்லாமல். கவருக்குள் போட்டுச் சட்டைப்பைக்குள் வைத்தேன். அன்றைக்குச் சாயங்காலம் குழாயடியில் பேராச்சி, "போட்டாச்சா?" என்றாள். தலையை ஆட்டினேன். மறுநாள் போட்டுவிடலாம் என்றுதான் ஆட்டினேன். மறுநாள் காய்ச்சல். அப்புறம் சட்டை மாறியது, கவர் ஆணியில் தொங்கிய அழுக்குச் சட்டையிலேயே இருந்தது. மறந்தேன் என்று சொல்ல மாட்டேன். தினமும் ஞாபகம் வந்தது. தபால் ஆபீஸ் எங்கள் சந்திலிருந்து கூப்பிடு தூரம்தான். போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன என்று இருந்தது எனக்கு. முப்பது அர்ஜி போட்டுக் கை ஓய்ந்தவனுக்கு முப்பத்தோராவதின் மேல் என்ன மரியாதை இருக்கும்? பன்னிரண்டாம் நாள், வேறு வேலையாக மாதுங்கா ஸ்டேஷன் பக்கம் போனபோது அங்கே இருந்த பெட்டியில் போட்டேன்.

ஜனவரி முதல் வாரத்தில் தந்தி வந்தது. இங்கிலீஷ் தந்தி. படிக்கத் தெரிந்தவன் நான்தான் என்பதால் தந்திக்காரனோடு பேராச்சி என் வீட்டு வாசலுக்கு வந்தாள். லீவு கிடைத்துவிட்ட செய்தி என்று நினைத்துக்கொண்டு வந்தாள், சிரித்த முகமாக. டிசம்பர் முப்பதாம் தேதி, காங்கோவில் எலிசபெத்வில்லுக்குப் பக்கத்தில், ரோட்டில் புதைத்து வைத்திருந்த கண்ணிவெடியில் வெயிலுமுத்துவின் லாரி ஏறிவிட்டது. நான் அந்த நாலு வரியை மூன்று தடவை படித்தேன். வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அதற்குப் பிறகு அவள் போட்ட சத்தத்தைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை.

உடம்பு வரவில்லை. ஒரு டிரங்குப் பெட்டி வரும் என்று காகிதம் வந்தது. மூன்றாவது வாரமே அவள் வேலைக்குப் போனாள். போகாமல் எப்படி?

பொங்கல் கழிந்து ஒரு வாரம் இருக்கும். நம் பட்டாளம் காங்கோவிலிருந்து திரும்பி வரப்போகிறது என்று பேப்பரில் போட்டிருந்தான். அங்கே வேலை முடிந்தது, கூப்பிட்டுக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். கணேசபாண்டியன் அந்தப் பேப்பரைத் தூக்கிக்கொண்டு சந்து முழுக்க நடந்தார். "பாத்தேரா வே செகரட்டரி! நம்ம அர்ஜி வேலை செஞ்சிட்டு!" கெட்ட மனுஷன் இல்லை அவர். பேராச்சியின் வாசல் வழியாகப் போகிறோம் என்ற நினைப்பு அவருக்கு இல்லை, அவ்வளவுதான். எனக்கு அவர் வாயை அடைக்க வேண்டும் போல இருந்தது. அடைக்கவில்லை.

அந்த ஞாயிறு காலை பேராச்சி வந்தாள். நான் முகச்சவரம் பண்ணிக்கொண்டிருந்தேன். உள்ளே வராமல் நிலைப்படியில் உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, பொங்கல் கழிஞ்சுதான கூப்பிட்டிருக்காவ?"

"ஆமா தாயி."

"நாலு வாரம் முந்தி அர்ஜி போயிருந்தா, நாலு வாரம் முந்திக் கூப்பிட்டிருப்பாவ. கிறிஸ்துமஸ்சுக்கு முந்தியே. அவிய அந்த ரோட்டுல போயிருக்க மாட்டாவ."

கத்தியைக் கீழே வைத்தேன். அவள் இதை எத்தனை நாளாகக் கணக்குப் போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறாள் என்பது அவள் சொன்ன விதத்திலேயே தெரிந்தது. விரலை மடக்காமல், யோசிக்காமல் சொன்னாள்.

"இல்ல பேராச்சி. இங்க பாரு. மேஸ்திரி சொல்லுதத நம்பாத. நம்ம அர்ஜியால ஒண்ணும் நடக்கல. அதை ஒருத்தனும் பிரிச்சுக்கூடப் பாத்திருக்க மாட்டான். நீ மொத ஞாயித்துக்கெழமையே எடுத்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். சத்தியமாச் சொல்லுதேன்."

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. பெரியவர்கள் தேற்றும்போது பிள்ளைகள் பார்க்குமே, அப்படி.

"எம் மனசு நோகக் கூடாதுன்னு சொல்லுதிய அண்ணாச்சி. படிக்கதுக்குன்னே ஆள் இருக்குன்னு நீங்கதான சொன்னிய? ஒண்ணுக்கும் ஆவாத காயிதத்துக்கா நாலு வாரம் இத்தனை பேர் உக்காந்திய? நீங்க எவ்வளவு பொறுப்பா மக்யா நாளே கொண்டு போட்டிய!"

அவளை நம்ப வைக்க என்னிடம் ஒரே ஒரு அத்தாட்சி இருந்தது. மறுநாள் போடவில்லை, பன்னிரண்டு நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன், அது ஒன்றுக்கும் ஆகாத காகிதம் என்று எழுதின எனக்கே தெரியும், அதனால்தான் வைத்திருந்தேன் என்று சொன்னால் போதும். நம்பியிருப்பாள். என் முகத்தில் காறித் துப்பிவிட்டாவது நம்பியிருப்பாள். அரை முகம் சோப்பு நுரையோடு, கீழே வைத்த கத்தியை மறுபடி எடுத்துத் துடைத்தேன்.

"மக்யா நாளே போட்டுட்டியள்லா?" என்று அவளே மறுபடி கேட்டாள்.

"ஆமா," என்றேன்.

"அப்ப ஒங்க பேர்ல ஒண்ணும் இல்ல. அந்த நாலு வாரமும் என்னுதுதான்," என்று சொல்லிவிட்டு, முழங்காலில் கையை ஊன்றி எழுந்து போனாள்.